முழித்திருக்கும்போதே மூளை ஆபரேஷன்: செய்துகொண்டவன் சொல்வது

"மயக்க மருந்து வாங்கக்கூடக் காசில்லையா அந்த ஆஸ்பத்திரியில்?" எனக்கு மூளைக் கட்டி ஆபரேஷன் நடக்கப்போகிறது, அதுவும் நான் முழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே நடக்கப்போகிறது என்று சொன்னதும் என் மச்சான் கேட்டது இதைத்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். தனியாரில் சேர்த்தால் நன்றாகத் தூங்கவைத்துச் செய்வார்கள், அரசு மருத்துவமனை என்பதால் கையைக் காலைப் பிடித்துக்கொண்டு அறுக்கப்போகிறார்கள், நிலத்தை விற்றாவது வேறு இடம் பார்க்கலாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இப்போது எனக்குத் தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள் என்று யார் யாரோ போன் செய்து இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், அதனால் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவன். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், கடையிலும் வெளியிலும் தமிழ். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால் இந்த ஆபரேஷனில் அது ரொம்ப முக்கியமான விஷயம்.

வியாதி வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலது கை விரல்கள் அவ்வப்போது தானாகத் துடிக்கும், கத்தரிக்கோல் நழுவும். நாள் முழுக்கத் துணி வெட்டுகிற கைதானே என்று விட்டுவிடுவதுதான் இயல்பு. அப்புறம் ஒரு நாள் அளவு கொடுக்க வந்த அம்மா ஏதோ கேட்க, எனக்குப் பதில் தெரிகிறது, வாய் மட்டும் வரவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும், சரியாகிவிட்டது. கொஞ்ச நாளில் ராத்திரி முழு வலிப்பு. வழக்கம்போல கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், வாயில் ஸ்பூன் வைக்கப் பார்த்தார்கள். இதற்கு மட்டும் ஒரு வரி: வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்தி, மணி பாருங்கள், போதும். இரும்பு ஒன்றும் செய்யாது, வாயில் எதையும் வைக்கவே கூடாது, ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள், அங்கே எம்.ஆர்.ஐ. மூளையின் இடது முன்பக்கத்தில் கட்டி, பேச்சுக்கான இடத்தையும் வலது கைக்கான இடத்தையும் ஒட்டி.

சர்ஜன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இந்த மாதிரிக் கட்டிக்கு ஓரம் கிடையாது, நல்ல மூளையோடு கலந்து வளர்கிறது, நிறத்தைப் பார்த்தோ தொட்டுப் பார்த்தோ எல்லை இதுதான் என்று சொல்ல முடியாத இடங்கள் இருக்கும். கொஞ்சமாக எடுத்தால் கட்டி மிச்சமாகி வளரும், கூடுதலாக எடுத்தால் பேச்சு போகும். பேச்சு இருக்கும் இடமும் ஆளுக்கு ஆள் சென்டிமீட்டர் கணக்கில் மாறும், புத்தகத்தில் இருக்கும் படத்தை நம்பி வெட்ட முடியாது. தூங்குகிற மனுஷன் பேசமாட்டான். அதனால் முழிக்கவைத்து, மெல்லிய மின்சாரத்தால் மூளையின் மேல் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்ப்பது. தொட்டதும் பேச்சு நின்றால் அந்த இடம் வேண்டும், கை வைக்கக்கூடாது. நிற்காவிட்டால் எடுக்கலாம்.

வலிக்காதா? மூளைக்கு வலி தெரியாது. இதை நான் நம்பவில்லை, நீங்களும் நம்பமாட்டீர்கள், ஆனால் உண்மை. வலி தெரிவது மண்டைத் தோலுக்கும், எலும்பின் மேல் படலத்துக்கும், மூளையை மூடியிருக்கும் உறைக்கும்தான். தோலையும் படலத்தையும் மரத்துப்போக வைக்க ஊசி இருக்கிறது. உறைக்குத் தனியாக மருந்து வைப்பார்கள்.

இது புதுசாகக் கண்டுபிடித்து நம் மேல் சோதனை செய்கிற சமாச்சாரமும் இல்லை. கனடாவில் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற சர்ஜன் 1930-களிலேயே வலிப்பு நோயாளிகளுக்கு இப்படித்தான் செய்தார், மூளையில் கைக்கு எது, உதட்டுக்கு எது, நாக்குக்கு எது என்று இன்றைக்குப் பாடப் புத்தகத்தில் இருக்கும் படம் அவர் இப்படி முழித்திருந்த ஆட்களிடம் கேட்டுக் கேட்டு வரைந்ததுதான். அவரிடம் பயிற்சி எடுத்த ஜேக்கப் சாண்டி என்ற மலையாளி டாக்டர்தான் 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை ஆரம்பித்தார். அடுத்த வருஷம் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. வேலூர் போய்ப் பார்க்கலாம் என்று சொன்ன என் மாமனாரிடம், அந்த வேலூருக்கே இந்த வித்தை வந்த வழி இதுதான் என்று பி.ஜி. டாக்டர் (மேற்படிப்பு படித்துக்கொண்டே வார்டில் வேலை பார்க்கிறவர்) ஒருவர் சொல்லி வாயை அடைத்தார்.

அந்தப் பி.ஜி. டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம்தான் மச்சானின் கேள்விக்கு உண்மையான பதில். டொரான்டோவைச் சேர்ந்த மார்க் பெர்ன்ஸ்டீன் என்ற சர்ஜன் இதே முறையைக் கானா, நைஜீரியா, இந்தோனேஷியா மாதிரி நாடுகளுக்குப் போய் அங்குள்ள டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். வசதி குறைந்த இடத்துக்கு ஏன் இதைக் கொண்டுபோக வேண்டும்? தொண்டையில் குழாய் போடாமல், முழு மயக்கம் இல்லாமல் செய்வதால் ஆபரேஷன் முடிந்து வென்டிலேட்டர் தேவைப்படுவது குறைவு, ஐ.சி.யூ. கட்டிலுக்குக் காத்திருக்க வேண்டியதும் குறைவு, ஆள் சீக்கிரம் எழுந்து சாப்பிடுகிறான், சீக்கிரம் வீட்டுக்குப் போகிறான். பணக்கார நாட்டில் ஆபரேஷன் நடக்கும்போதே எடுக்கும் எம்.ஆர்.ஐ., பேசும்போது மூளை எங்கே வேலை செய்கிறது என்று காட்டும் எம்.ஆர்.ஐ., வழிகாட்டும் கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கும். நான் போன இடத்தில் அதில் பெரும்பாலானவை இல்லை. மைக்ராஸ்கோப் இருந்தது, மின்சாரம் கொடுக்கும் கருவி இருந்தது, மிச்சத்தை என் வாயை வைத்துத்தான் பார்த்தார்கள். கருவி இல்லாத இடத்தில் நோயாளிதான் கருவி. அதற்காக எந்த ஆஸ்பத்திரியிலும் செய்துகொள்ளலாம் என்று அர்த்தமில்லை. இதில் பழகிய மயக்க டாக்டர் இருக்க வேண்டும், அது மட்டும் சமரசமே கிடையாது. சர்ஜனை விட அவரிடம்தான் நம் உயிர் கூடுதல் நேரம் இருக்கிறது என்பது என் கருத்து. இதுவரை இங்கே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், மயக்க டாக்டர் யார், என்னால் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு வந்த பதில்: தாங்க முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே தூங்கவைத்துக் குழாய் போட்டுவிடுவோம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கும்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை, ஏற்கெனவே பேச்சு மொத்தமாகப் போனவர்களுக்குப் பயன் குறைவு, ஓயாத இருமல் உள்ளவர்கள், உடம்பு ரொம்பப் பருமனாகித் தூக்கத்தில் மூச்சு அடைப்பவர்கள், பயத்தில் கட்டுக்கடங்காமல் போகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் டாக்டர்கள் யோசிப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். வேண்டும் என்று சொன்னால் எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள். மின்சாரத்தால் இடம் பார்த்து ஆபரேஷன் செய்தவர்கள், பார்க்காமல் செய்தவர்கள் என்று 8,091 பேரின் விவரங்களைத் தொகுத்த ஒரு ஆய்வு 2012-இல் வந்தது. பின்னாளிலும் நீடிக்கிற கடுமையான பாதிப்பு, பார்த்துச் செய்தவர்களில் 3.4 சதவீதம், பார்க்காமல் செய்தவர்களில் 8.2 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி மாமனாரிடம் காட்டினேன். எதிர்ப்பு அதோடு முடிந்தது.

இனி தயாரிப்பு. இதைத்தான் நீட்டிச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் தியேட்டரில் நடப்பதில் பாதி வார்டிலேயே முடிவாகிவிடுகிறது.

ஆபரேஷனுக்கு முன்னாடி பி.ஜி. டாக்டர் ஒரு பெண், சின்ன வயசு, கையில் லேமினேட் செய்த படங்களோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். யானை, சாவி, வாழைப்பழம், குடை, சைக்கிள், பூட்டு என்று கட்டுக்கட்டாக. ஒவ்வொன்றையும் காட்டி என்னவென்று சொல்லச் சொன்னார். வெறும் பேர் போதாது, "இது யானை", "இது குடை" என்று வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டேன். மின்சாரம் படும்போது "இது" வரைக்கும் வந்து பேர் மட்டும் வராவிட்டால் பேரைத் தேடி எடுக்கும் இடத்தைத் தொட்டிருக்கிறோம், "இது" கூட வராவிட்டால் வாயை அசைக்கிற இடத்தை, இரண்டும் வேறு வேறு என்றார். ஒரு சின்ன "இது"க்குள் இவ்வளவு இருக்கிறது. நான் தடுமாறின படங்களை, அதாவது எனக்கே சரியாகத் தெரியாதவற்றைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் படங்களில் பாதி வெளிநாட்டுப் படங்கள், ஒரு இசைக்கருவி, ஒரு கள்ளிச்செடி, பனியில் சறுக்குகிற வண்டி. கள்ளிச்செடி தவிர மற்றது எனக்கு எதற்கு? இதைக் கவனியுங்கள்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருள் மட்டும்தான் அந்தப் படங்களில் இருக்க வேண்டும். வார்டில் தெரியாத படம் தியேட்டரிலும் தெரியாது, அங்கே அதை மின்சாரத்தின் விளைவு என்று எடுத்துக்கொண்டு எடுக்க வேண்டிய கட்டியை விட்டுவிட வாய்ப்பு உண்டு. தெரியவில்லை என்றால் வெட்கப்படாமல் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். எங்கள் வார்டில் எழுத்தறியாத ஒரு பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார், பேரன் வந்துதான் உண்மையைச் சொன்னான்.

அதற்குப் பதிலாக என் கடைப் பொருள்களையே போனில் படம் எடுத்துக் கொடுத்தோம். கத்தரிக்கோல், ஊசி, நூல்கண்டு, டேப், இஸ்திரிப் பெட்டி, பட்டன். டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம்.

அப்புறம்தான் மொழி விஷயம் வந்தது. வார்டில் என் மனைவியிடம் நான் தெலுங்கில் பேசுவதைக் கேட்டு டாக்டர் நின்றுவிட்டார். கேஸ் ஷீட்டில் தமிழ் என்றுதான் எழுதியிருந்தது, நம் ஊரில் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு மூளையில் இரண்டுக்கும் பொதுவான இடங்களும் இருக்கலாம், ஒன்றுக்கு மட்டுமான இடங்களும் இருக்கலாம், ஒன்றை மட்டும் பார்த்து ஆபரேஷன் செய்தால் இன்னொன்று அடிபடலாம் என்றார். சரி, தெலுங்கில் யார் கேட்பது? அந்த டாக்டருக்குத் தெலுங்கு வராது. விசாரித்ததில் தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் வீட்டிலும் எங்கள் மாதிரித் தெலுங்குதான். அந்தச் சிஸ்டர் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்தார். தமிழ்நாட்டில் வீட்டில் சௌராஷ்டிரம், உருது, கன்னடம், மலையாளம், படுக மொழி பேசுகிறவர்கள் எத்தனை லட்சம் பேர்! ஆந்திரத் தெலுங்குக்கும் எங்கள் வீட்டுத் தெலுங்குக்கும் வித்தியாசம் வேறு. ஆகவே டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: வீட்டில் இந்த மொழி, வேலையில் இந்த மொழி, சாமி கும்பிடுவது இந்த மொழி, கணக்குப் போடுவது இந்த மொழி. சிரிக்காதீர்கள், நான் அளவுக் கணக்கு தமிழில்தான் போடுவேன், திட்டுவது தெலுங்கில்.

உடம்பைப் பழக்குவதும் இருக்கிறது. ஒருக்களித்து, தலையை அசைக்காமல், இரண்டு மூன்று மணி நேரம் கிடக்க வேண்டும். வார்டிலேயே அதே பக்கம் படுத்துப் பாருங்கள், தோள் எங்கே வலிக்கிறது, இடுப்பு எங்கே வலிக்கிறது, முழங்காலுக்கு நடுவில் தலையணை வேண்டுமா என்று தெரிந்துவிடும், அதை மயக்க டாக்டரிடம் சொல்லிவிடலாம். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியைத் தியேட்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள், படம் தெரிய வேண்டுமே. காதுக் கருவி இருந்தால் அதுவும். சளி இருமல் இருந்தால் மறைக்காதீர்கள், இருமினால் தலை குலுங்கும், மூளையும் வீங்கும். பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் எவ்வளவு முன்னாடி நிறுத்த முடியுமோ அவ்வளவு நல்லது. வலிப்பு மாத்திரையை ஆபரேஷன் நாள் காலையிலும் விடக்கூடாது. வெறும் வயிறு என்று சொன்னார்களே என்று எங்கள் வார்டில் சிலர் விட்டுவிடப் பார்த்தார்கள். ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாமா என்று சிஸ்டரிடம் கேட்டுப் போடுங்கள். ஆபரேஷன் நடக்கும்போது வலிப்பு வந்தால் மொத்தத் திட்டமும் கெட்டுவிடும்.

பணம், காகிதம் பற்றி அதிகம் எழுதவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் எப்படியும் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று கேட்பார்கள். கைவசம் இல்லாத பொருளை வாங்க அந்தப் பணம் உதவுகிறது என்று கவுண்டரில் சொன்னார்கள், ஆகவே வருமானச் சான்றிதழை வலிப்பு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள், தேதி கொடுத்தபிறகு ஓடாதீர்கள். ரத்தம் கொடுக்க ஆட்களை முன்னாலேயே சொல்லிவையுங்கள். ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் தங்க விடமாட்டார்கள், அதனால் மச்சான்தான் வராந்தாவில் பாய் போட்டுக் கிடந்தார், காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி. முதலில் கேள்வி கேட்டவரும் அவர்தான், கடைசி வரை உடன் இருந்தவரும் அவர்தான்.

தியேட்டர். உள்ளே போனதும் குளிர்தான் முதலில் தாக்கும், போர்வை கேளுங்கள், கொடுப்பார்கள், நடுங்கினால் அவர்களுக்கும் கஷ்டம். சிறுநீர்க் குழாய் போடுவார்கள். மூளை வீக்கம் குறைய மேனிட்டால் என்று ஒரு பாட்டில் ஏற்றுவார்கள், அது தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும், குழாய் இருந்தும் முட்டிக்கொண்டு வருகிற உணர்வு இருக்கும். யாரும் இதை எனக்கு முன்னால் சொல்லவில்லை, பதறிவிட்டேன். அது வெறும் உணர்வுதான், போகிறது, பயப்படாதீர்கள்.

உண்மையிலேயே வலித்தது மண்டையில் போட்ட ஊசிகள். பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, அந்த வகை மரத்துப்போகும் மருந்துதான், ஆனால் புருவத்துக்கு மேலே, பொட்டில், காதுக்கு முன்னே, காதுக்குப் பின்னே, பிடரியில் என்று ஒவ்வொரு நரம்புக்கும் தனித்தனியாக, இரண்டு பக்கமும். எரியும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சில நிமிஷத்தில் தலை என்னுடையதே இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது, அப்புறம் தலை அசையாமல் இருக்க மூன்று முனை உள்ள கவ்வியை மாட்டினார்கள், அழுத்தம் தெரிந்தது, வலி தெரியவில்லை. தோலைத் திறக்கும்போதும் எலும்பை அறுக்கும்போதும் கொஞ்சம் தூக்க மருந்து கொடுத்தார்கள், நான் அரைத்தூக்கம். ஆனாலும் டிரில் சத்தம் கேட்டது. மண்டை ஓட்டிலேயே ஓட்டை போடுவதால் சத்தம் காது வழியாக வருவதில்லை, உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வலி இல்லை, சத்தம்தான், கொஞ்ச நேரம்தான்.

"அண்ணே, கண்ணைத் திறங்க. நான்தான்." மயக்க டாக்டர். அவர் என் முகத்துக்கு நேரே, தொங்கவிட்ட துணிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் படக்கட்டோடு பி.ஜி. டாக்டர். துணியை முகத்தில் படாமல் ஒரு குளுக்கோஸ் ஸ்டாண்டில் மாட்டித் தூக்கியிருந்தார்கள், கூடாரத்துக்குள் மூன்று பேர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. வெளிநாட்டில் இதற்கென்று தனி மேஜை, கேமரா எல்லாம் உண்டாம். எனக்கு அந்த ஸ்டாண்டே போதுமாக இருந்தது.

முதலில் எண்ணச் சொன்னார்கள். ஒன்று, இரண்டு, மூன்று... சர்ஜன் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று வலது வாயோரம் தானாக இழுத்தது. "சார், வாய்" என்றார் டாக்டர். மேலே ஏதோ ஒரு நம்பர் சொன்னார்கள், அந்த இடத்தில் சின்னதாக நம்பர் எழுதின காகிதம் வைக்கிறார்களாம். அப்புறம் கட்டைவிரல் துடித்தது. அப்புறம் ஏழுக்கு அப்புறம் எட்டு வரவில்லை. எட்டு என்று தெரிகிறது, நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை, கடையில் அன்றைக்கு நடந்த அதே மாதிரி. சர்ஜன் கையை எடுத்ததும் "எட்டு" என்று சத்தமாக வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். அது நிற்கும்போது பயமாக இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்படி நிற்பதற்காகத்தான் நாம் அங்கே படுத்திருக்கிறோம், நின்றால் நல்லது, அந்த இடம் பிழைத்தது.

ஒரு தடவை கை துடிக்க ஆரம்பித்து நிற்கவில்லை. "கோல்டு" என்று சர்ஜன் கேட்டார், ஐஸ் வைத்துக் குளிரவைத்த திரவத்தை மூளை மேல் ஊற்றினார்கள், துடிப்பு அடங்கிவிட்டது. மின்சாரம் தூண்டிவிடுகிற வலிப்புக்கு இதுதான் முதல் மருந்து. முன்னாலேயே சொல்லியிருந்ததால் நான் அசையாமல் இருந்தேன்.

அப்புறம் படங்கள். இது கத்தரிக்கோல், இது பூட்டு, இது நூல்கண்டு. சிஸ்டர் தெலுங்கில் மறுபடி காட்டினார்: இதி சூதி, இதி தாரம் (இது ஊசி, இது நூல்). ஒரு இடத்தில் "இது..." என்று நின்றுபோனேன், படம் தெரிகிறது, கையில் தினமும் பிடிக்கிற சாமான், பேர் வரவில்லை. அதே இடத்தைத் தொட்டுக்கொண்டு சிஸ்டர் கேட்டபோது தெலுங்கில் வந்துவிட்டது. சர்ஜன் இரண்டு தடவை மறுபடி பார்த்துவிட்டு அந்த இடத்தை விட்டுவிட்டார். இதே மாதிரி தெலுங்கை மட்டும் நிறுத்துகிற இடம் இருந்திருந்தால், சிஸ்டர் இல்லாமல் அது தெரியாமலே போயிருக்கும், அந்தச் சிஸ்டர் அன்றைக்கு டியூட்டி மாற்றிக்கொண்டு வராமல் இருந்தால் என்று நினைக்கும்போதுதான் எனக்கு இப்போதும் கொஞ்சம் திக்கென்கிறது.

கட்டியை எடுக்கும்போது சும்மா பேசவைத்துக்கொண்டே இருந்தார்கள். பி.ஜி. டாக்டர் பிளவுஸுக்கு அளவு எப்படி எடுப்பது என்று கேட்டார், நான் தோள், மார்பு, கைக்குழி, முதுகு இறக்கம் என்று விளக்கினேன், ஓசியில் ஒரு தையல் வகுப்பு. இடையிடையே வலது கையை மூடித் திற, கத்தரிக்கோல் பிடிக்கிற மாதிரி விரலை ஆட்டு. வாய் வறண்டது, நனைத்த துணியால் உதட்டைத் துடைத்துவிட்டார்கள். மூக்கு அரித்தது, சொரிந்துவிடச் சொன்னேன், சொரிந்துவிட்டார்கள். கூச்சப்படாதீர்கள், நீங்களாகக் கையைக் கொண்டுபோகாதீர்கள், அவ்வளவுதான். உறையை இழுக்கும்போது மட்டும் ஒரு தடவை சுரீரென்று வலித்தது, சொன்னேன், உடனே மருந்து வைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது இங்கே வீரம் இல்லை, வலியில் ரத்த அழுத்தம் ஏறினால் மூளை வீங்கும். போகப் போகக் களைப்பு வரும், பேர்கள் மெதுவாக வரும். களைப்பா, மின்சாரமா என்று அவர்களுக்குக் குழப்பம் வராமல் இருக்க, களைத்துப்போனதும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஒரு கட்டத்தில் என் பேச்சு குழற ஆரம்பித்தது. "இதோட போதும்" என்றார் சர்ஜன். கொஞ்சம் கட்டி உள்ளே விடப்பட்டது. முழுசா எடுத்தாச்சா என்று வெளியே சொந்தக்காரர்கள் கேட்டபோது இல்லை என்று பதில் வந்ததும் வீட்டில் ஒரே அழுகை. எடுக்காமல் விட்ட அந்தத் துண்டில்தான் என் பேச்சு இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவைக்க எனக்கு அப்போது வாய் இல்லை. இதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே வீட்டுக்காரர்களை உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும்.

வாய் இல்லை என்று சொன்னது நிஜமாகவே. அடுத்த நாளிலிருந்து பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது, வலது கை பலவீனம். தியேட்டரில் பேசினவன் வார்டில் ஊமையானதும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மச்சான் சண்டைக்கே போய்விட்டார். முன்பக்கத்தில், நடுக்கோட்டை ஒட்டின இடத்தில் ஆபரேஷன் செய்தால் இப்படி ஆவது உண்டு, தானாகத் திரும்ப வரும், சில வாரம் ஆகலாம், சிலருக்குச் சில மாதம் என்று சர்ஜன் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார். நாங்கள் யாரும் அந்தத் தாளைப் படிக்கவில்லை, யார் படிக்கிறார்கள். மெதுவாகத்தான் வந்தது. முதலில் தலையாட்டல், அப்புறம் ஒற்றைச் சொல், அதுவும் தெலுங்கு முன்னால், தமிழ் பின்னால். மகள் அதே படங்களை வைத்துக்கொண்டு தினமும் பாடம் எடுத்தாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் எங்கள் ஊரில் இல்லை, மாவட்ட மருத்துவமனைக்கு அவ்வப்போது போய் அவர் எழுதிக் கொடுத்ததை வீட்டில் செய்தோம். இதைச் செய்யாமல் காத்திருக்காதீர்கள்.

மாத்திரைகள் பற்றி இரண்டு விஷயம். மூளை வீக்கத்தைக் குறைக்கிற டெக்ஸா என்ற ஸ்டீராய்டு மாத்திரை இருக்கும்வரை பசி தாங்காது, தூக்கம் வராது, சர்க்கரை ஏறும், வயிற்றுப்புண் மாத்திரையோடு சாப்பாட்டுக்கு அப்புறம் போட வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது, டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். லெவடிராசெட்டம் என்கிற வலிப்பு மாத்திரை சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும். நான் ஒரு மாதம் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன், வியாதியால் மனசு மாறிவிட்டது என்று மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார். வண்டி ஓட்டுவது, ஏணி ஏறுவது, கிணற்றில் குளிப்பது எல்லாம் அவர் சரி என்று சொல்லும்வரை கிடையாது. பவர் தையல் மிஷினும் அப்படித்தான், நான் காலால் மிதிக்கிற பழைய மிஷினைத் தூசி தட்டி எடுத்தேன்.

பயாப்சி முடிவு கிரேடு 2, அதாவது மெதுவாக வளர்கிற வகை என்று வந்தது. இப்போதெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தது மட்டும் போதாது, ஐ.டி.எச்., 1பி/19கியூ என்று மரபணுச் சோதனைகள் கேட்கிறார்கள், கட்டியின் சரியான பெயரும் கதிர்வீச்சு எப்போது, எந்தக் கீமோ என்பதும் அதைப் பொறுத்துத்தான் முடிவாகிறது. இதில் சிலவற்றை வெளி லேபுக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அது கைக்காசு. அனுப்புவதற்கு நோயியல் துறையில் உங்கள் கட்டியின் துண்டை மெழுகில் பதித்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள், பிளாக் என்று கேட்டு, டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் தருவார்கள், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். எம்.ஆர்.ஐ. பிலிமோடு அது பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள், அடுத்த ஸ்கேனை இதோடு வைத்துத்தான் ஒப்பிடுவார்கள், பிலிமை மட்டும் கொண்டுபோனால் பாதி இடங்களில் மறுபடி எடுத்து வா என்கிறார்கள். எனக்குக் கதிர்வீச்சு முடிந்துவிட்டது, சில மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். விட்டுவைத்த துண்டு இதுவரை அப்படியே இருக்கிறது, கடையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை, பிளவுஸ் மட்டும் இப்போது தீபாவளி நேரத்தில் குறைத்துத்தான் எடுக்கிறேன், விரல் மாலைக்கு மேல் ஒத்துழைப்பதில்லை.